முன் படம்

மையத்துக்குள் நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை. வருகிறவர் நெஞ்சில் கை வைத்து "நான் எழுகிறேன்" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் "நாம் எழுகிறோம்" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பூனைக்கு இது தெரியாது. அவன் ஒரு சாக்கடை மூடி கேட்க வந்திருந்தான்.

பூனை என்பது அக்கா வைத்த பெயர். வீட்டில் அவன் இருப்பதே தெரியாது. திடீரென்று அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருப்பான். கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது அவன் வேலை. அதற்கும் சத்தம் போட வேண்டியதில்லை. அக்கா தெருக்கோடியில் இருந்த சலவைக்கடையில் துணி தேய்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மடித்த துணிகளை இரண்டு கையிலும் ஏந்தி, மேலே இருப்பதை முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கழுத்துக்குக் கீழே உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கால்களே வழி பார்த்துக்கொள்ளும்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் சாக்கடை மூடி உடைந்து, ஒரு ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒரு பழைய கதவுப் பலகையை அதன்மேல் போட்டு வைத்திருந்தார். கால் வைத்தால் பலகை ஆடும்.

"என்னைக்காவது ஒரு நாள் துணியோட உள்ள போகப்போறேன்டா பூனை" என்றாள் அக்கா. "நான் போனாக்கூடப் பரவாயில்ல. துணி அழுக்கானா முதலாளி என்னை வேலைய விட்டே தூக்கிடுவாரு. சமூக மேம்பாடுன்னு பெரிசா போர்டு மாட்டியிருக்காங்களே, அங்க போய் ஒரு வார்த்த சொல்லேன். லீவு நாள்ல சும்மாதானே படுத்துக் கெடக்கற."

எனவே பூனை போனான்.

மையத்தின் முழுப்பெயர் நீளமானது. வாசலில் அது மூன்று வரியாக எழுதப்பட்டு, கடைசி வரி ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. இளைஞர்கள் தாங்களே தலைமை ஏற்று, தங்கள் சமூகத்தைப் பொருளாலும் அருளாலும் மேம்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காகவே அங்கே இரண்டு அறைகள் இருந்தன. பொருள் அறையில் மேசையும் ஏசியும் இருந்தன. அருள் அறையில் மெத்தைகளும், வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு கடிகாரமும் இருந்தன. எந்தக் காரியமும் இரண்டு அறைகளையும் தாண்டித்தான் தெருவுக்குப் போக முடியும். இதுவரை எந்தக் காரியமும் அவ்வளவு தூரம் போனதில்லை.

இயக்குநர் அம்மா அவன் சொன்னதைக் கண்களை மூடிக் கேட்டார்.

"மூடி கேட்டு வந்திருக்கீங்க" என்றார் கடைசியில். "எனக்கு அழுகையே வருது தம்பி."

"பெரிய பள்ளம் இல்லம்மா. ஆள் மட்டும்தான் விழலாம்" என்றான் பூனை, அவரைத் தேற்றும் விதமாக.

"மூடி குடுக்கறது ரொம்பச் சுலபம். பின்னால குடோன்ல அடுக்கி வெச்சிருக்கோம். ஆனா நாங்க மூடியக் குடுத்தா, உங்ககிட்டேருந்து எதைப் பறிக்கிறோம் தெரியுமா?"

"பள்ளத்தையா?"

"தலைமைய."

அன்று மாலைக்குள் பூனை இளம் தலைவன் ஆகிவிட்டான். கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். அவனோடு இன்னும் சில இளம் தலைவர்கள் இருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு வந்த ஒருவன் போக்குவரத்துத் தலைவன். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க உள்ளே வந்த ஒரு பெண் சுகாதாரத் தலைவி. அவளுக்கு அது எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அவளே கண்டடைய வேண்டும் என்பது மையத்தின் கொள்கை.

பயிற்சியின் முதல் பாடம், தலைவர் எந்த வேலையையும் தானாகச் செய்யக் கூடாது என்பது. தானாகச் செய்தால் அதற்குப் பெயர் சேவை. சேவை மற்றவர்களின் வாய்ப்பைத் திருடுகிறது. "ஒரு மூடிய நீங்களே தூக்கிப் போட்டீங்கன்னா, அந்தத் தெருவுல இருக்கற அத்தன பேரோட கையையும் வெட்டறீங்க" என்றார் இயக்குநர் அம்மா. பூனை தன்னையறியாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இரண்டாம் பாடம் அருள் அறையில் நடந்தது. அங்கே அருள் துணைவர் என்று ஒருவர் இருந்தார். அவர் பேசுவது பக்கத்து மெத்தைக்குக் கேட்காது. எல்லோரும் அவரை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் வட்டம் சிறுத்துக்கொண்டே போனது.

"வெளியில இருக்கற பள்ளம் உள்ள இருக்கற பள்ளத்தோட நிழல்" என்று அவர் கிசுகிசுத்தார். "கண்ண மூடுங்க. உள்ள எறங்குங்க. உங்க பள்ளத்தப் பாருங்க. என்ன தெரியுது?"

பூனை கண்ணை மூடினான். கட்டட வாசலில் இருக்கும் பள்ளம்தான் தெரிந்தது. ஓரத்தில் உடைந்த சிமெண்டு, உள்ளே மிதந்த பால் பாக்கெட் உறை, அதை நோக்கி முகவாயால் துணியை அழுத்திக்கொண்டு நடந்து வருகிற அக்கா.

"எங்கக்கா தெரியறா சார்" என்றான்.

"அற்புதம்" என்றார் அருள் துணைவர். "அக்காங்கறது யாரு? நீங்கதான்."

இதை வீட்டில் சொன்னபோது அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். "அப்ப நாளைலேருந்து நீ போய்த் துணி தேய்டா, நான் கண்ணாடிக் கடைக்குப் போறேன். அது கெடக்கட்டும், மூடி எப்ப தருவாங்களாம்?"

"முதல்ல களப் பார்வையாம்."

களப் பார்வைக்கு மையத்தின் வேன் வந்தது. அதிலிருந்து கேமராவோடு ஒரு பெண் இறங்கினாள். அவள் ஆவணப் பிரிவு. மையத்தில் அவளைப் பார்த்தால் இயக்குநர் அம்மாகூடத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார். அவள் வாசலை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"பிரச்சன எங்க?"

பூனை பலகையைக் காட்டினான்.

"இது பலகை. நான் கேக்கறது பிரச்சன."

"அதுக்குக் கீழ இருக்கு."

"தலைவரே, திட்டம்னா ஒரு 'முன்' படம் வேணும், ஒரு 'பின்' படம் வேணும். 'முன்' படத்துல பிரச்சன இருக்கணும், 'பின்' படத்துல அது இருக்கக் கூடாது. இங்க இப்பவே பாதி தீந்துபோய்க் கெடக்கு. இத அனுப்பினா நிதி குடுக்கறவங்க என்ன நெனப்பாங்க? தெருவே தானா எழுந்துடுச்சு, நாங்க எதுக்குன்னு கேப்பாங்க." அவள் குரலில் நிஜமான கவலை இருந்தது. "பலகைய எடுங்க."

தையல்காரர் பொத்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பூனை குனிந்து பலகையைத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருந்தது. கீழே பள்ளம் தன் பழைய நாற்றத்தோடு வாயைத் திறந்தது. ஆவணப் பெண் திருப்தியாகத் தலையசைத்து, நின்றும் மண்டியிட்டும் படம் எடுத்தாள். ஒரு படத்தில் பூனையையும் ஓரத்தில் நிற்கவைத்து, "இன்னும் கொஞ்சம் கையாலாகாம நில்லுங்க" என்றாள். அது அவனுக்கு இயல்பாக வந்தது.

படம் முடிந்ததும் அவன் பலகையைத் திரும்பப் போடப் போனான்.

"என்ன பண்றீங்க? மூடிட்டா அது 'பின்' படம். 'பின்' படம் அடுத்த நிதியாண்டுலதான் வருது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சமூகம் உணரட்டும்."

பலகை வேனில் ஏறியது. சமூகத்தின் தொடக்ககால அறிவு என்ற தலைப்பில் அதை மையத்தின் வரவேற்பறையில் வைக்கப்போவதாக ஆவணப் பெண் சொன்னாள். போவதற்கு முன் பள்ளத்துக்கு மேலே சுவரில் பெரிய பேனர் ஒன்றைக் கட்டினார்கள். இந்த இடம் இளைஞர் தலைமையின் கீழ் மேம்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

தையல்காரர் திரும்பி வந்து பொத்தான் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

"பலகைய எவன்டா எடுத்தான்?"

"தெரியலண்ணே" என்றான் பூனை. "யாராவது பழைய மரத்துக்கு ஆசப்பட்டு..."

"அதையுமா திருடுவானுங்க?" என்றவர் பேனரை அண்ணாந்து பார்த்தார். "ஓ, ஏதோ வேல நடக்குதாட்டம் இருக்கு. சரி, அவங்க பாத்துப்பாங்க."

அந்தத் தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பேனர் இல்லாமல் இருந்திருந்தால் யாராவது ஒரு கல்லையோ கட்டையோ போட்டிருப்பார்கள். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் தெரு நிம்மதியாகிவிடும். தையல்காரர் மட்டும் மனசு கேட்காமல் கால் உடைந்த நாற்காலி ஒன்றைப் பள்ளத்தருகே வைத்தார். மறுமுறை படமெடுக்க வந்த ஆவணப் பெண் அதை அப்புறப்படுத்திவிட்டாள். நாற்காலி படத்தில் வந்தால் திட்டம் தளவாடப் பிரிவுக்குப் போய்விடுமாம்.

பூனைக்குச் சோறு இறங்கவில்லை. பலகையை எடுத்தது அவன் கை. ஒரு கட்டையைத் தேடிப் பிடித்து மூடவும் அதே கையால் முடியும். ஆனால் மூடினால் திட்டம் ரத்து, ரத்தானால் குடோனில் இருக்கும் நிஜ மூடி எப்போதும் வராது என்று சொல்லியிருந்தார்கள். அவன் அதை நம்பினான். நம்பினானா, அல்லது நம்பினால் குனிய வேண்டியிராது என்பதால் நம்பினானா என்பது அவனுக்கே தெளிவாக இல்லை. அருள் அறையில் இதைக் கேட்கலாம் என்று நினைத்தான். அங்கே கேள்வி கேட்பவர் மெத்தையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

அதனால் வேறொன்று செய்தான். காலையில் கடைக்குப் போகுமுன் அக்காவின் முதல் துணிக்கட்டை அவனே சுமந்தான்.

"என்னடா புதுசா இருக்கு?" என்றாள் அக்கா. "ஏதாவது பொண்ணா? நான் யார்கிட்டயாவது பேசணுமா?"

"ஒண்ணுமில்ல. நீ தையல்காரர் கடை ஓரமாவே போ. இந்தப் பக்கம் வராத."

"ஏன், பலகை ரொம்ப ஆடுதா?"

"பலகையே இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

"எந்தப் படுபாவி?"

பூனை துணிக்கட்டின்மேல் முகவாயை அழுத்திக்கொண்டான். அப்படி வைத்துக்கொண்டால் பதில் சொல்ல முடியாது.

கொஞ்ச காலம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு காலையில் மையத்திலிருந்து அவசர அழைப்பு வந்தது. திட்டத்துக்குப் பெயர் சூட்டும் கூட்டம். பெயர் இல்லாமல் பள்ளத்தை மேலே அனுப்ப முடியாது. வராத தலைவரின் பள்ளம் வேறொரு தலைவருக்குப் போய்விடும். "போய்ட்டு வாடா, நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. "வரும்போது மூடியோட வா."

அருள் அறையில் கைபேசிகளைக் கூடையில் போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பெயர்கள் போட்டியில் இருந்தன. 'மூடுவோம் வா' என்பதில் அருள் குறைவாக இருக்கிறது என்று அருள் துணைவர் வருந்தினார். 'பள்ளத்திலிருந்து உயரத்துக்கு' என்பதில் பள்ளத்தை மூடுவோம் என்ற வாக்குறுதி எங்கும் இல்லாததால் அது பாதுகாப்பானது என்று இயக்குநர் அம்மா கருதினார். நெடுநேரம் மௌனம் காத்தார்கள். கூடைக்குள் ஒரு கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "அதுவும் ஒரு நாதம்தான். விடுங்க" என்றார் அருள் துணைவர். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பூனை 'பள்ளத்திலிருந்து உயரத்துக்கு' என்பதற்குக் கை தூக்கினான்.

அதிர்ந்தது அவன் கைபேசி. கூப்பிட்டது தையல்காரர்.

கடை ஓரத்தில் தண்ணீர் கேன் வண்டி நின்றிருந்ததாம். அதைச் சுற்றிப் போக அக்கா துணியோடு இந்தப் பக்கமாக ஒதுங்கியிருக்கிறாள். பூனை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் இடது கால் முழங்காலுக்கு மேல்வரை கட்டுக்குள் இருந்தது. இரண்டு இடத்தில் முறிவு.

"துணிய மட்டும் மேல தூக்கிப் புடிச்சிட்டேன்டா" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள நின்னுக்கிட்டு மொதல்ல துணிய வாங்குங்கன்னு கத்தினேன். ஒரு சட்ட கூட அழுக்காகல. முதலாளி வந்து பாத்தாரு. துணியத்தான்."

முதலாளி துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலைக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டதாக அடுத்த வாரம் சொல்லியனுப்பினார்.

மையத்திலிருந்து இயக்குநர் அம்மா பழக்கூடையோடு வந்தார். அவர் முகத்தில் துக்கமும், துக்கத்தை மீறிய ஒரு வெளிச்சமும் இருந்தன.

"உங்கள எத்தன பேர் தூக்கினாங்க?"

"தெரியலங்க. தெருவே வந்து தூக்குச்சு" என்றாள் அக்கா.

"யாரு சொல்லிக் குடுத்தா அவங்களுக்கு? யாரும் இல்ல! தானாவே வந்தாங்க, தானாவே கை குடுத்தாங்க. கூப்பிட்டாங்களா கடவுள?"

"நான்தான் ஐயோ கடவுளேன்னு கத்தினேன்."

"பொருளும் அருளும் ஒரே பள்ளத்துல" என்று முணுமுணுத்தார் இயக்குநர் அம்மா. கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தார். அது நிஜமாகவே நனைந்தது. "இத்தன வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்."

அக்கா படுக்கையில் இருந்தவரை பூனை கடைக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் பக்கத்திலேயே இருந்தான். தலையணை வைத்தான். கட்டுக்குள் அரித்தபோது ஃபிரேமின் மெல்லிய கம்பியை விட்டுச் சொறிந்து கொடுத்தான். ஒவ்வொரு முறையும் உண்மை வாய்வரை வந்தது. "அக்கா" என்பான். "என்னடா?" என்பாள். "தண்ணி வேணுமா?" என்பான். அவள் இந்தக் காலத்தில் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

"நீ ரொம்ப நல்லவன்டா பூனை" என்றாள் ஒரு மத்தியானம். அவன் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

விருது விழாவுக்கு அவர்கள் இருவரையும் வேன் வந்து அழைத்துப் போனது. வரவேற்பறையில் பலகை வெல்வெட் துணிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அக்கா இரண்டு ஊன்றுகோல்களோடு அதைக் கடந்து போனாள். நின்று ஒரு கணம் பார்த்தாள்.  பூனை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இயக்குநர் அம்மா மேடையில் பேசினார். "ஒரு மூடியப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது! யாரும் விழுந்திருக்க மாட்டாங்க, யாரும் தூக்கியிருக்க மாட்டாங்க, ஒரு சமூகம் பிறந்திருக்காது. நாங்க ஒண்ணுமே செய்யல. அத நான் பெருமையா சொல்றேன். இருந்த ஒண்ணையும் எடுத்தோம். மீதிய இளைஞர்கள் பாத்துக்கிட்டாங்க."

பலத்த கைதட்டல். பூனையின் கையில் ஒரு ஆள் உயரத்துக்கு விருதுப் பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அவனுடைய கையாலாகாத படம் பெரிதாக இருந்தது. மைக்கை நீட்டினார்கள். அவன் வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தமாகப் பேசினான்.

"பலகைய எடுத்தது நான்" என்றான். "எடுக்கச் சொன்னாங்க. ஆனா எடுத்தது என் கை. திரும்பப் போட்டிருக்கலாம். போடல. தையக்காரண்ணன்கிட்ட யாரோ எடுத்துட்டாங்கன்னு பொய் சொன்னேன். எங்கக்காகிட்டயும் சொன்னேன். அவ கால் போனது என்னாலதான். இந்த விருத..."

 அருள் துணைவர் எழுந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் பேசியது அன்றுதான்.

"வந்துடுச்சு!" என்றார். "அருள் வந்துடுச்சு!"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இயக்குநர் அம்மா மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பொருள் முன்னேற்றத்தப் படத்துல பாத்தோம். அருள் முன்னேற்றம் இப்ப நம்ம கண்ணு முன்னால நடந்துச்சு. இப்படி ஒரு குற்றவுணர்ச்சி எத்தன பயிற்சி குடுத்தாலும் வராது. அடுத்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு இளம் தலைவருக்கும் ஒரு குற்றவுணர்ச்சி கட்டாயம். அதுக்கான ஏற்பாட்ட மையமே செய்யும்." ஆவணப் பெண், அவனைக் கண்ணீரைத் துடைக்காமல் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

அக்கா மட்டும் கை தட்டவில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்ததால்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வேன் அவர்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. அக்கா முன்னால் நடந்தாள். பூனை விருதை இடுக்கிக்கொண்டு பின்னால் போனான்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தியேடா" என்றாள், திரும்பாமல். "பகலும் ராத்திரியும் தண்ணி குடுத்துக்கிட்டு. அங்க வரலியா அது? மைக்கு குடுத்தாத்தான் வருமா?"

 சொல்வதற்கிருந்ததையெல்லாம் அவன் மண்டபத்தில் சொல்லிவிட்டிருந்தான்.

வாசலில் பேனர் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. அதன் கீழே பள்ளம் அப்படியே இருந்தது. 'பின்' படத்துக்கு இன்னும் காலம் இருந்தது. அக்கா நின்றாள். ஊன்றுகோலோடு ஓரமாக ஒதுங்கிப் போக அங்கே இடம் இல்லை. பூனை கையை நீட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் கை குடுங்களேன்" என்று தையல்காரரைக் கூப்பிட்டாள்.

தையல்காரர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்து வந்தார்.

அதற்குள் பூனை விருதைப் பள்ளத்தின்மேல் கிடத்தினான். அளவு சரியாக இருந்தது. படத்திலிருந்த அவன் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. முதலில் தானே ஒரு காலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தான். அது மொறுமொறுவென்று நெளிந்தது. ஓரத்தில் வெள்ளை மணிகள் உதிர்ந்து சாக்கடையில் மிதந்தன. தெர்மாகோல்.

அக்கா தையல்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துடுடா" என்றாள். "மூடின மாதிரி தெரிஞ்சா இன்னும் மோசம்."